காலையில் மட்டும் கேட்கும் "டிக் டிக்": பழைய காரின் குளிர் ஸ்டார்ட் சத்தத்தை வீட்டிலேயே கண்டுபிடிப்பது எப்படி

தலவாக்கலைப் பக்கம் ஜனவரி மாதத்து விடியல். மணி ஐந்தரை. கார்க் கண்ணாடி முழுக்கப் பனி ஈரம். சாவியைத் திருப்பினால் எஞ்சின் பிடித்துக்கொள்கிறது. கூடவே பொனட்டுக்குள்ளிருந்து "டிக் டிக் டிக்" என்று தையல் மெசின் ஓடுவது போல ஒரு சத்தம். பயந்துபோய் அப்படியே ஹட்டன் டவுனுக்கு ஓட்டிக்கொண்டு போய் கராஜில் நிறுத்துகிறீர்கள். மெக்கானிக் பாஸ் வந்து பொனட்டைத் திறந்து காது கொடுக்கிறார். சத்தம் இல்லை. இருபது நிமிட ஓட்டத்தில் எஞ்சின் சூடாகி அது அடங்கிவிட்டது.

மலையகத்தில் பழைய கார் வைத்திருக்கிற பலருக்கும் இது நடந்திருக்கும். கேட்காத சத்தத்துக்கு எந்த பாஸாலும் சரியாக வைத்தியம் பார்க்க முடியாது. நல்லவர் "ஒன்றும் இல்லை, ஓட்டுங்கள்" என்பார். அவசரக்காரர் "டெப்பட்தான், ஹெட்டைக் கழற்றுவோம்" என்பார். (டெப்பட் என்பது எஞ்சினின் காற்று, புகை வழிகளைத் திறந்து மூடும் வால்வைத் தள்ளுகிற பாகம், ஹெட் எஞ்சினின் மேல் பகுதி.) இரண்டுமே ஊகம். அந்தச் சத்தத்தை நேரில் கேட்கிற ஒரே ஆள் விடியற்காலையில் சாவியைத் திருப்புகிற நீங்கள்தான். அதனால் கண்டுபிடிக்கிற வேலையில் பாதிக்கு மேல் உங்களுடையது. அதற்கு மெக்கானிக்காக இருக்க வேண்டியதில்லை. ஒழுங்காகக் கேட்கவும் கேட்டதை எழுதி வைக்கவும் தெரிந்தால் போதும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி வழி திறந்தது. இடைப்பட்ட வருடங்களில் நம் பக்கம் கார் வாங்கிய பலரும் தொண்ணூறுகளின் கொரோலா, சன்னி, மார்ச், மாருதி 800 என்றுதான் வாங்கினார்கள். இந்தக் கட்டுரை அப்படிப்பட்ட பெற்றோல் கார்களுக்கு. டொல்பின் வேன் மாதிரி டீசல் வண்டிகள் குளிரில் தட்டுவது அவற்றின் இயல்போடு சேர்ந்தது, அதை இங்கே கலக்கவில்லை.

குளிரில் மட்டும் ஏன்?

இரவு முழுக்க நின்ற எஞ்சினில் மேலே இருந்த ஒயில் எல்லாம் கீழே சம்ப்புக்கு (அடியில் உள்ள ஒயில் தொட்டிக்கு) வடிந்துவிடும். காலையில் பம்ப் அதை மறுபடி மேலே தள்ள வேண்டும். குளிரில் ஒயில் கெட்டியாக இருக்கும், ஏறுவதற்கு நேரம் எடுக்கும். அத்தோடு உலோகப் பாகங்கள் குளிரில் சுருங்கியிருப்பதால் அவற்றுக்கிடையில் உள்ள இடைவெளியும் சூட்டில் இருப்பது போல இருக்காது. நுவரெலியா டவுன் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. வருடத் தொடக்கத்தில் சில இரவுகளில் அங்கே புல்லில் உறைபனி படியும். கொழும்பில் ஒரு கார் வருடக்கணக்கில் வாய் திறக்காமல் ஓடியிருக்கலாம். அதே கார் நானுஓயாவுக்கு வந்த முதல் வாரமே சத்தம் போட்டால், விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம்.

முந்தின இரவே செய்ய வேண்டியது

காரைச் சமதரையில் நிறுத்துங்கள். நம் பக்கத்தில் இதுதான் கஷ்டமான வேலை. பாதி வீடுகள் சரிவில் இருக்கின்றன, கார் நிற்பதும் சரிவில்தான். சரிவில் நிற்கிற காரில் டிப் ஸ்டிக் பொய் சொல்லும். மூக்கு கீழே இருந்தால் ஒரு அளவு, மேலே இருந்தால் வேறொரு அளவு. வீட்டு வாசல் சரிவு என்றால் கோயில் முன்றல், பாடசாலை மைதான ஓரம், தெரிந்தவர் முற்றம் என்று ஒரு சம இடத்தில் ஒரு இரவு மட்டும் விட்டுவிடுங்கள். ஹேன்ட் பிரேக் போட்டு, சில்லுக்கு ஒரு கல்லும் வையுங்கள். குறைந்தது 8 மணித்தியாலமாவது எஞ்சின் தொடப்படாமல் நிற்க வேண்டும்.

காலைக்கு வேண்டியவை: டோர்ச், கைத்தொலைபேசி, ஒரு கொப்பியும் பேனையும், நீளமான ஸ்க்ரூ டிரைவர், ஒரு மீற்றர் நீளத்துக்கு ரப்பர் குழாய், தெளிக்கிற போத்தலில் சவர்க்காரத் தண்ணீர். முடிந்தால் கூட ஒருவர்.

பாதுகாப்பைப் பற்றிச் சொல்லாமல் மேலே போகமாட்டேன். குளிருக்குப் பயந்து கதவை மூடிய கராஜுக்குள் எஞ்சினை ஓட விடவே கூடாது. காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை நிறமும் இல்லை, ஆளைக் கொன்றுவிடும். சால்வை, மப்ளர், விரித்த கூந்தல் எதுவும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் போகக் கூடாது. ரேடியேட்டர் விசிறி தானாகவே சுற்றத் தொடங்கும், கையை அங்கே வைக்காதீர்கள்.

முதல் படி: ஸ்டார்ட் பண்ணும் முன் ஒயிலைப் பாருங்கள்

டிப் ஸ்டிக்கை இழுத்து, துடைத்து, மறுபடி முழுதாக விட்டு எடுங்கள். மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் இடையில் இருக்க வேண்டும். பெரும்பாலான சிறிய கார்களில் இந்த இரண்டு கோட்டுக்கும் இடைப்பட்ட அளவு கிட்டத்தட்ட ஒரு லீற்றர். கீழ்க் கோட்டுக்குக் கீழே இருந்தால் உங்கள் சத்தத்துக்குக் காரணம் அநேகமாக அதுதான். நிரப்பிவிட்டு, மூன்று காலை பொறுத்திருந்து பாருங்கள். மேல் கோட்டுக்கு நிறைய மேலே போனாலும் நல்லதல்ல. கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றுகிற தண்டு) ஒயிலை அடித்து நுரைக்க வைக்கும், நுரை ஒயில் லிஃப்டருக்குள் (ஒயிலால் நிரம்பி வால்வைத் தள்ளுகிற டெப்பட்) போனால் அதுவும் டிக் டிக் என்று கேட்கும்.

அடுத்து ஒயில் மூடியைத் திறந்து உட்பக்கம் பாருங்கள். பால் தேத்தண்ணீர் நிறத்தில் கொழுகொழுவென்று படிந்திருக்கிறதா? வீட்டிலிருந்து பாடசாலைக்கு, பாடசாலையிலிருந்து டவுனுக்கு என்று இரண்டு மூன்று கிலோமீற்றர் மட்டும் ஓடுகிற கார்களில் எஞ்சின் முழுதாகச் சூடேறுவதே இல்லை. உள்ளே படிகிற நீராவி ஒயிலோடு கலந்து இப்படி ஆகும். நம் குளிரில் இது சாதாரணம். ஆனால் கூடவே ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டு போனால் ஹெட் கேஸ்கட் (ஹெட்டுக்குக் கீழே ஒயிலும் தண்ணீரும் கலக்காமல் அடைக்கிற தகடு) சந்தேகம் வரவேண்டும், அது வேறு வழக்கு.

இரண்டாம் படி: சிவப்பு விளக்கும் கடிகாரமும்

கைத்தொலைபேசியில் பதிவைத் தொடங்கிப் பொனட்டுக்குப் பக்கத்தில், பெல்ட்டுக்குத் தூரமாக வையுங்கள். சாவியை ஸ்டார்ட் பண்ணாமல் ஒன் நிலைக்கு மட்டும் திருப்புங்கள். ஒயில் விளக்கு எரிய வேண்டும். எரியவே இல்லை என்றால் பல்ப் போயிருக்கும் அல்லது வயர் கழன்றிருக்கும். அதைச் சரி செய்யாமல் மற்ற எதையும் நம்ப முடியாது.

இப்போது ஸ்டார்ட். எக்சிலேட்டரை மிதிக்காதீர்கள். சத்தம் வந்தவுடன் "சூடேத்துவோம்" என்று உறுமவிடுகிற பழக்கம் நம் ஆட்களிடம் இருக்கிறது. மேலே ஒயில் ஏறாத நேரத்தில் அப்படிச் செய்வது வால்வுகளைத் திறக்கிற கேம் ஷாஃப்டைக் கல்லில் தேய்ப்பது மாதிரி.

விளக்கு இரண்டு மூன்று செக்கனுக்குள் அணைய வேண்டும். அதற்கு மேல் எரிந்தால், அல்லது ஓடும்போது வளைவிலோ ஏற்றத்திலோ மினுங்கி மினுங்கி அணைந்தால், எஞ்சினை நிறுத்திவிட்டு ஒயில் அளவையும் பம்ப்பையும் சம்ப்புக்குள் ஒயிலை வடிகட்டுகிற வடியையும் பார்க்க வைக்க வேண்டும். ரம்பொடை வளைவுகளில் மினுங்குகிற ஒயில் விளக்கோடு கீழே இறங்கலாம் என்று நினைக்கவே வேண்டாம்.

சத்தம் எவ்வளவு நேரம் நீடிக்கிறது? இந்த ஒரு கேள்விதான் சந்தேகப் பட்டியலைப் பாதியாகக் குறைக்கும்.

ஒன்றிரண்டு செக்கன் "சரசர" என்று சங்கிலி உரசுவது போலக் கேட்டு நின்றால் டைமிங் செயினையும் (கிராங்க்கையும் கேம் ஷாஃப்டையும் இணைக்கிற சங்கிலி) அதை இறுக்கி வைக்கிற டென்ஷனரையும் பாருங்கள். சன்னி எஃப்.பி.14, மார்ச் கே.11 இரண்டும் செயின் வண்டிகள். கொரோலாவின் 5ஏ எஞ்சினும் மாருதி 800உம் பெல்ட், அவற்றில் இந்தச் சந்தேகமே எழாது.

ஐந்து செக்கனிலிருந்து ஒரு நிமிடத்துக்குள் மறைந்தால் ஒயில் மேலே ஏறத் தாமதமாகிறது. ஹைட்ரோலிக் லிஃப்டர் உள்ள எஞ்சின்களில் (மிட்சுபிசியில் சில எஞ்சின்கள் இப்படி) இரவில் லிஃப்டருக்குள்ளிருந்து ஒயில் வடிந்து, காலையில் மறுபடி நிரம்பும்வரை தட்டும். ஒயிலின் தரமும் ஃபில்டரும்தான் இங்கே முதல் சந்தேகம்.

ஐந்து பத்து நிமிடம் நீடித்து, வெப்பமானியின் முள் நடுவுக்கு வரும்போது அடங்கினால் மூன்று பேர் நிற்கிறார்கள்: டெப்பட் இடைவெளி, எக்சோஸ்ட் மேனிபோல்ட் (ஹெட்டிலிருந்து புகையை வெளியே எடுக்கிற குழாய்த் தொகுதி) கசிவு, பிஸ்டன் ஸ்லெப் (பிஸ்டன் சிலிண்டர் சுவரில் தட்டுவது).

அடங்கவே இல்லை, சூடான பிறகு இன்னும் தெளிவாகக் கேட்கிறது, அதுவும் "டிக்" இல்லாமல் அடி வயிற்றிலிருந்து "டொக் டொக்" என்றால், அது பிஸ்டன் தண்டைக் கிராங்க்கோடு சேர்க்கிற பிக் என்ட் பெயரிங்காக இருக்கலாம். அந்தக் காரை ஓட்டாதீர்கள். கட்டி இழுத்துக்கொண்டு போங்கள்.

மூன்றாம் படி: எங்கிருந்து வருகிறது?

நீள ஸ்க்ரூ டிரைவரின் பிடியைக் காதுக்கு முன்னால் உள்ள எலும்பில் வைத்து, நுனியை எஞ்சினின் ஓடாத பாகங்களில் ஒவ்வொன்றாக வையுங்கள். டொக்டரின் குழாய் மாதிரியே வேலை செய்யும். முதலில் மேலே வால்வுகளை மூடியிருக்கிற ரொக்கர் கவர், முன்பக்கத்திலிருந்து பின்பக்கம்வரை நகர்த்தி. பிறகு பெற்றோலைத் தெளிக்கிற இன்ஜெக்டர்கள் ஒவ்வொன்றும். பிறகு முன்பக்கத்து டைமிங் கவர். பிறகு கீழே புளொக்கின் (சிலிண்டர்கள் உள்ள எஞ்சின் உடலின்) பக்கச் சுவர்.

இன்ஜெக்டரில் வைத்தால் கூர்மையான "டிக் டிக்" கட்டாயம் கேட்கும். அது திறந்து மூடுகிற சத்தம், நோய் இல்லை. எல்லாவற்றிலும் ஒரே மாதிரிக் கேட்டால் திருப்திப்படுங்கள். புதிதாகக் கார் வாங்கியவர்கள் பலர் இந்தச் சத்தத்துக்குத்தான் பயப்படுகிறார்கள்.

ரொக்கர் கவரில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் உரக்கக் கேட்டால் அந்த சிலிண்டரின் வால்வு. கேம் ஷாஃப்ட் கிராங்க்கின் பாதி வேகத்தில்தான் சுற்றும். நிமிடத்துக்கு 750 சுற்று ஐட்லிங் என்றால் ஒரு வால்வு 375 தடவைதான் திறக்கும், அதாவது செக்கனுக்கு ஆறு தட்டு. காதால் எண்ணுவது கஷ்டம். பதிவை மெதுவாக ஓடவிட்டு எண்ணலாம். எஞ்சின் வேகத்தில் பாதிக்குச் சரியாக வந்தால் வால்வுப் பக்கமோ ஒரு சிலிண்டரின் எக்சோஸ்ட்டோ என்று நினைக்கலாம். அந்தக் கணக்கில் எங்குமே பொருந்தாத தட்டு என்றால் பெல்ட், அது ஓடுகிற சக்கரமான புலி, மின்சாரம் தருகிற ஒல்டனேட்டர் பக்கம் போய்ப் பாருங்கள்.

எக்சோஸ்ட் கசிவு: அதிகம் தவறவிடப்படுவது

இதில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் நானே இதில் ஏமாந்திருக்கிறேன். என்னுடையது 1993ஆம் ஆண்டு கொரோலா. ஒரு குளிர்காலம் முழுக்கக் காலையில் டிக் டிக். ஒரு கராஜில் பத்து நிமிடம்கூடக் கேட்காமல் டெப்பட் என்றார்கள். ரொக்கர் கவரைத் திறந்து, ஷிம் (வால்வு இடைவெளியைச் சரிப்படுத்தும் சிறு தகடு) மாற்றி, இரண்டு நாள் வேலை. காசு கொடுத்துக் காரை எடுத்து வந்தேன். மறுநாள் விடியலில் அதே சத்தம் அதே இடத்தில். பிறகு ஒரு வயதான பாஸ் வீட்டுக்கே வந்து, என்னோடு இருட்டில் நின்று கேட்டார். டோர்ச்சை மேனிபோல்ட்டின் கடைசி மூலைக்கு அடித்துக் காட்டினார். மேனிபோல்ட்டைப் பிடிக்கிற ஒரு ஸ்டட் முறிந்து போயிருந்தது, அந்த இடத்தில் கை விரல் அளவுக்குக் கரிப் புகை அடித்திருந்தது. "தம்பி, இது தட்டுற சத்தம் இல்லை, மூச்சு விடுற சத்தம்" என்றார். அன்றைக்கே சரியாயிற்று.

வார்ப்பிரும்பு மேனிபோல்ட் குளிரில் சுருங்கியிருக்கும்போது வெடிப்போ கேஸ்கட் இடைவெளியோ திறந்து நிற்கும். ஒவ்வொரு முறை வால்வு திறக்கும்போதும் காற்று அதன் வழியாக "சிக்" என்று பாயும். சூடேறி விரிந்ததும் இடைவெளி மூடிக்கொள்ளும். அதனால்தான் டெப்பட் மாதிரியே நடிக்கிறது.

பிரித்தறிய மூன்று வழி. முதலாவது, ஸ்டார்ட் பண்ணிய உடனே, மேனிபோல்ட் சூடாகும் முன், ஹெட்டோடு அது சேருகிற ஓரம் முழுக்கச் சவர்க்காரத் தண்ணீரைத் தெளியுங்கள். கசிவு உள்ள இடத்தில் நுரை பொங்கும். சூடான மேனிபோல்ட்டில் இதைச் செய்யக் கூடாது, அதில் வெடிப்பு விழலாம். இரண்டாவது, ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையை அந்த ஓரமாகத் தொடாமல் நகர்த்துங்கள். கசிவின் மேல் வந்ததும் சத்தம் சட்டென்று உரக்கும். மூன்றாவது, கூட இருப்பவர் தடித்த ஈரத் துணியால் சைலன்சர் வாயை ஒன்றிரண்டு செக்கன் மட்டும் மூடட்டும். கசிவென்றால் சத்தம் கூடும். டெப்பட் என்றால் அப்படியே இருக்கும்.

கசிந்தால் தள்ளிப்போட வேண்டாம். அந்தப் புகை ஹீட்டர் வழியாகக் காருக்குள் வரும், நாமோ குளிருக்குக் கண்ணாடியை இறுக்க மூடிக்கொண்டு ஓட்டுகிறவர்கள். போகிற போக்கில் ஸ்பார்க் பிளக்குகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்றும் பாருங்கள். தளர்ந்த பிளக்கும் இதே மாதிரி மூச்சு விடும்.

பிஸ்டன் ஸ்லெப்

புளொக்கின் பக்கச் சுவரில் மந்தமாக, உள்ளே குழிந்த மாதிரி "தக் தக்" என்று கேட்டு, சூடேறியதும் மறைந்தால் பெரும்பாலும் இது. அலுமினியப் பிஸ்டன் இரும்புச் சிலிண்டரைவிட அதிகமாக விரியும், அதனால் சூட்டில் இடைவெளி மூடிக்கொள்கிறது. நிறைய ஓடிய எஞ்சினுக்கு இது வயது. ஒயில் எரியவில்லை, இழுவை குறையவில்லை என்றால், முதல் சில கிலோமீற்றர் மெதுவாக ஓட்டிக்கொண்டு பல வருடம் வைத்திருக்கலாம். இதற்காக எஞ்சினை இறக்கச் சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

கழற்றும் முன் ஒயிலை மாற்றிப் பாருங்கள்

டெப்பட்தான் என்று பட்டாலும் முதல் செலவு ஒயிலுக்கும் ஃபில்டருக்கும்தான் இருக்க வேண்டும். "பழைய எஞ்சினுக்கு 20டபிள்யூ-50 தடித்த ஒயில்" என்ற பேச்சு நம் பக்கம் வழிவழியாக வருகிறது. முன்னால் உள்ள எண் குளிரில் எப்படி ஓடும் என்பதைக் காட்டும், சிறிதாக இருந்தால் குளிரில் இலகுவாக ஓடும். பின்னால் உள்ளது சூட்டில் எவ்வளவு தடிப்பு என்பது. கொழும்பு வெயிலில் 20க்குக் குறை சொல்ல மாட்டேன். நுவரெலியா, அக்கரப்பத்தனை, பொகவந்தலாவை விடியலில் அது மேலே ஏறத் தாமதிக்கும். அதே நேரம் நம் கார்கள் ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு இரண்டாம் கியரில் நீண்ட ஏற்றம் ஏறுகின்றன, அந்தச் சூட்டில் மிக மெல்லிய ஒயிலும் கூடாது. தேய்ந்த பெற்றோல் எஞ்சினுக்கு இந்த உயரத்தில் 10டபிள்யூ-40 பொருந்தி வருகிறது என்பது என் அனுபவம். உங்கள் காரின் கைநூல் சொல்கிற வரம்புக்குள் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபில்டரில் காசு பார்க்காதீர்கள். நல்ல ஃபில்டருக்குள் ஒரு ரப்பர் வால்வு இருக்கும், எஞ்சின் நின்ற பிறகு ஒயில் திரும்பி வடியாமல் அது பிடித்து வைக்கும். போலி ஃபில்டரில் அது இருக்காது அல்லது சில வாரத்தில் விறைத்துப் போகும். ஃபில்டர் பக்கவாட்டிலோ தலைகீழாகவோ பூட்டப்பட்ட எஞ்சினில் இது ஒன்றினாலேயே காலைச் சத்தம் வரலாம். கொழும்பில் உதிரிப் பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் வாங்கினாலும் பக்கத்து டவுனில் வாங்கினாலும் நம்பிக்கையான கடை வேண்டும்.

எஞ்சின் ஃப்ளஷ் ஊற்றச் சொல்வார்கள். உள்ளே நிறையக் கசடு உள்ள பழைய எஞ்சினில் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஒரேயடியாகக் கிளம்புகிற கசடு சம்ப் வடியை அடைத்தால் இருந்த ஒயில் அழுத்தமும் போய்விடும். அதைவிட, நல்ல ஒயிலைக் குறைந்த இடைவெளியில் இரண்டு தடவை மாற்றுவது மெதுவாகக் கழுவும்.

டெப்பட் அளப்பது

புது ஒயிலோடு ஒரு வாரம் ஓடியும் ரொக்கர் கவரில் அதே இடத்தில் அதே தட்டு என்றால் இனி அளக்கலாம். எஞ்சின் முழுதாகக் குளிர்ந்திருக்க, ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடுகள்) ஒவ்வொரு வால்வாக. மாருதி 800இல் ரொக்கரில் திருகாணி இருக்கிறது, பொறுமை இருந்தால் ஒரு காலையில் முடிந்துவிடும். கொரோலாவிலும் சன்னியிலும் ஷிம், அளந்து பொருத்தமான தடிப்பு வாங்கிப் போட வேண்டும், அதைத் தெரிந்தவரிடம் விடுங்கள். இன்னும் மொரிஸ் மைனர் ஓட்டுகிறவர்களுக்கு 0.012 அங்குலம், அதாவது 0.30 மில்லிமீற்றர். மற்றக் கார்களுக்குச் சரியான அளவு கைநூலில் அல்லது பொனட் ஸ்டிக்கரில் இருக்கும். எக்சோஸ்ட் வால்வு அதிகம் சூடாகும் என்பதால் பல எஞ்சின்களில் அதன் இடைவெளி காற்று உள்ளே வருகிற இன்லட் வால்வைவிடக் கூடுதல்.

சத்தத்தை ஒழிக்க வேண்டும் என்று அளவுக்கு மேல் இறுக்கிவிடுகிற பழக்கம் சில இடங்களில் உண்டு. சத்தம் உடனே போய்விடும், நாமும் சந்தோஷப்படுவோம். ஆனால் சூட்டில் வால்வு முழுதாக மூடாமல் கரிந்து, சில மாதத்தில் ஏற்றத்தில் இழுவை இல்லாமல் போகும். வேலை முடிந்ததும் ஒவ்வொரு வால்வின் அளவையும் எழுதிக் கேளுங்கள்.

கராஜுக்குக் கொண்டு போகும்போது

கொப்பியில் நாலு வரி போதும்: எத்தனை மணித்தியாலம் நின்றது, ஒயில் விளக்கு எத்தனை செக்கனில் அணைந்தது, சத்தம் எவ்வளவு நேரம் நீடித்தது, ஸ்க்ரூ டிரைவரில் எங்கே உரக்கக் கேட்டது. அதோடு கைத்தொலைபேசிப் பதிவு. மூன்று காலைக் குறிப்பு இருந்தால் இன்னும் நல்லது. பாஸ் வீட்டுக்கு வர முடியாது என்றால், முந்தின நாள் மாலையே காரைக் கராஜில் விட்டுவிட்டு வாருங்கள். காலையில் பாஸ் வந்து பொனட்டைத் திறந்து பக்கத்தில் நிற்கும்வரை யாரும் ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று சொல்லி, சாவியை அவர் கையிலேயே கொடுங்கள்.